ஹாம்சனுக்கு ஓஸ்லோவில் ஒரு தெரு எதற்கு?

ஓஸ்லோ நகரத்துக்குச் சென்று திரும்பும் தமிழ் இலக்கிய அன்பர்கள் இரண்டு பொருள்களைத் தவறாமல் கொண்டு வருகிறார்கள். ஒன்று, ஃப்ரோக்னர் பூங்காவில் காலை உதைத்துச் சினந்து நிற்கும் வெண்கலச் சிறுவனோடு எடுத்துக்கொண்ட புகைப்படம். மற்றொன்று ஒரு மனத்தாங்கல். 'பசி' நாவலால் அந்த நகரத்தை உலக இலக்கியத்தின் வரைபடத்தில் ஏற்றிய நட் ஹாம்சனுக்கு அங்கே ஒரு தெருகூட இல்லையே, என்ன நன்றிகெட்ட ஊர் என்பதே அது. அண்மையில் நம் கண்ணில் பட்ட ஒரு பயணக் கட்டுரையும் இதே புலம்பலோடுதான் முடிந்தது. ஓபரா மாளிகையின் கூரைமேல் ஏறியாயிற்று, விகேலண்டின் கற்சிலைகளைக் கண்டாயிற்று, மூங்க்கின் ஓவியத்துக்கு முன்னால் நின்றாயிற்று; ஹாம்சன் மட்டும் எங்கும் இல்லை, எனவே அந்நகரத்தின் மனம் சிறுத்துவிட்டது என்பது அக்கட்டுரையின் தீர்ப்பு.

நாம் இங்கே எழுதுவது அந்தத் தீர்ப்புக்கு எதிராக. பல ஆண்டுகள் அதே மனத்தாங்கலை நாமும் சுமந்திருக்கிறோம். ஆகவே சற்றுக் கடுமையாகவே எழுத நேரும். அக்கடுமையில் பாதி நமக்கே உரியது என்று வாசகர்கள் கொள்ள வேண்டும்.

முதலில் கடனைச் சொல்லிவிடலாம். ஸ்காண்டிநேவிய இலக்கியத்தின் வாசலைத் தமிழில் திறந்து வைத்தவர் க.நா.சு. ஹாம்சனின் 'நிலவளம்', செல்மா லாகர்லெவின் 'மதகுரு', பேர் லாகர்குவிஸ்டின் 'அன்பு வழி' ஆகிய மூன்றையும் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே உண்டு. பனியையே கண்டிராத நாம், ஒரு மனிதன் தன்னந்தனியாக வடபுலத்துக் காட்டுக்குள் நடந்து சென்று நிலத்தைத் திருத்தும் காட்சியைத் தஞ்சை வண்டல் மண்ணின் வாசனையோடு படித்தோம். ஹாம்சனுக்கு 1920இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த நாவல் அது. அதைப் படித்த எவருக்கும் அந்த ஆசிரியன்மேல் ஓர் உறவு உண்டாகிவிடும். நம் மனத்தாங்கலின் வேர் அந்த உறவுதான். உறவு உண்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால், அதிலிருந்து நாம் பெறும் உரிமை எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

'பசி' 1890இல் வெளிவந்தபோது ஓஸ்லோ என்னும் பெயரில் ஒரு தலைநகரம் இல்லை. 1624ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின் நான்காம் கிறிஸ்தியன் மன்னர் ஊரைக் கோட்டைக்கு அருகே மாற்றி அமைத்துத் தம் பெயரையே சூட்டினார். கிறிஸ்தியானியா என்ற அந்தப் பெயர் 1924ஆம் ஆண்டின் இறுதிவரை நீடித்து, 1925 ஜனவரி முதல் நாளன்று மீண்டும் ஓஸ்லோ ஆயிற்று. பழைய சதுக்கம் ஒன்றில் மன்னரின் கையுறை வடிவில் ஒரு சிற்பம் இருக்கிறது. 'ஊர் இங்கே அமையட்டும்' என்று விரல் நீட்டிக் காட்டும் கையுறை. சுற்றுலாக் கூட்டம் அதன் முன்னும் நின்று படம் எடுத்துக்கொள்கிறது. அந்நகரம் மன்னரின் பெயரையே தன் நெற்றியிலிருந்து அழித்துக்கொண்டது. கையுறையை மட்டும் வைத்துக்கொண்டது. பெயர் சூட்டுவதும் நீக்குவதும் அவ்வூராருக்குப் புதிய செய்திகள் அல்ல.

ஹாம்சனின் கிறிஸ்தியானியாவை இன்றும் காலால் நடந்து தேடலாம். அரண்மனையிலிருந்து இறங்கிவரும் கார்ல் யோஹான் வீதி, அரண்மனைப் பூங்கா, கல்லறைத் தோட்டத்துப் பலகைகள், புனித ஓலாவ் சதுக்கம், துறைமுகம் என்று நாவலின் பெயரில்லாக் கதைசொல்லி பசியோடு சுற்றிய இடங்களில் பல அப்பெயர்களிலேயே இருக்கின்றன. தன் உள்சட்டையை அடகு வைத்துப் பிச்சைக்காரனுக்குக் காசு கொடுத்தவனும், காவல் நிலைய இருட்டறையில் பொருளில்லாத ஒரு புதுச்சொல்லைக் கண்டுபிடித்து மகிழ்ந்தவனும் இந்தத் தெருக்களில் திரிந்தவன்தான். அவனை அறிந்த வாசகனுக்குப் பெயர்ப்பலகை எதற்கு? ஒரு நாவல் ஒரு நகரத்தின்மேல் பெறக்கூடிய ஆட்சி அனைத்தையும் 'பசி' முன்பே பெற்றாயிற்று. மாநகராட்சி தகரப் பலகை ஒன்று அடித்துத்தான் அதை நிறைவேற்ற வேண்டும் என்பதில்லை.

சரி, ஓஸ்லோ இலக்கியத்தை மதிக்காத ஊர் என்பதாவது உண்மையா? இப்சன் 1895 முதல் 1906இல் மறையும்வரை வாழ்ந்த ஆர்பின் தெரு வீடு இன்று அருங்காட்சியகம். அங்கிருந்து அவர் நாள்தோறும் நடந்து சென்ற கிராண்ட் கஃபே வரையிலான நடைபாதையில், அவருடைய வாசகங்களை உலோக எழுத்துகளில் 2008இல் பதித்தார்கள். 1899இல் தேசிய நாடக அரங்கம் திறக்கப்பட்டபோதே இப்சனுக்கும் பியோர்ன்சனுக்கும் அதன் வாசலில் சிலை வைத்தார்கள். இருவரும் அப்போது உயிரோடிருந்தார்கள். 2020இல் கடற்கரையில் திறக்கப்பட்ட புதிய டைக்மன் பொது நூலகத்தில் ஒரு சிறு மர அறை உண்டு. ஸ்காட்லாந்துக் கலைஞர் கேட்டி பேட்டர்சன் 2014இல் தொடங்கிய 'எதிர்கால நூலகம்' என்னும் திட்டத்தின் கையெழுத்துப் பிரதிகளைக் காக்கும் அறை அது. மார்கரெட் அட்வுட் முதலாக ஆண்டுக்கு ஓர் எழுத்தாளர் தரும் பிரதிகள் அங்கே யாரும் படிக்காமல் இருக்கும். ஊருக்கு வெளியே காட்டில் நட்ட ஆயிரம் மரங்களிலிருந்து தாள் செய்து 2114இல் அச்சிடுவார்கள். நாம் எவரும் படிக்கப்போகாத நூல்களுக்காக மரம் வளர்க்கும் நகரத்துக்கு இலக்கியம் தெரியாது என்று சொல்ல நமக்குத் துணிச்சல் சற்று அதிகம் வேண்டும்.

ஆகவே ஹாம்சனின் இடம் காலியாக இருப்பது மறதியால் அன்று. அது ஒரு முடிவு. பெயர் சூட்டும் யோசனை எழுந்து, விவாதிக்கப்பட்டு, அடங்கியிருக்கிறது. அந்த முடிவின் காரணத்தை நம் பயணக் கட்டுரைகள் 'அரசியல் சர்ச்சைகள்' என்ற இரண்டு சொற்களில் கடந்துவிடுகின்றன. இரண்டு சொற்களில் கடக்கக்கூடியதா அது?

1935இல் ஹாம்சனுக்கு வயது எழுபத்தாறு. ஜெர்மானிய இதழாளரும் அமைதிவாதியுமான கார்ல் ஃபான் ஒசியெட்ஸ்கி அப்போது ஹிட்லரின் வதைமுகாமில் இருந்தார். அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு அளிக்க வேண்டும் என்ற குரல் எழுந்தபோது ஹாம்சன் நாளிதழில் எழுதியது அந்தக் கைதிக்கு எதிராக. முகாமில் கிடப்பவர் பதில் எழுத முடியாது என்பது அவருக்குத் தெரியும். நோர்வே எழுத்தாளர்கள் பலர் அப்போதே அவரைக் கண்டித்தார்கள். 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படைகள் நோர்வேயில் இறங்கியபின், துப்பாக்கிகளைக் கீழே போட்டுவிட்டு வீடு திரும்புமாறு தம் நாட்டு இளைஞர்களை ஹாம்சன் எழுதி அழைத்தார். 1943இல் தம் நோபல் பதக்கத்தைக் கோயபல்ஸுக்கு அனுப்பினார். ஹிட்லர் இறந்த பிறகு, 1945 மே 7 அன்று, ஆஃப்டன்போஸ்டன் நாளிதழில் அவனைப் புகழ்ந்து இரங்கலுரை எழுதினார். போர் தோற்றுவிட்டது, அஞ்சி எழுத வேண்டிய தேவையோ ஆதாயம் தேடி எழுத வேண்டிய தேவையோ மிச்சமில்லை. நம்பி எழுதினார்.

முதுமை, செவிட்டுத்தன்மை, ஆங்கிலேயர்மேல் வெறுப்பு என்று நம் நண்பர்கள் அடுக்கும் சமாதானங்களை நாமும் அறிவோம். அறம் கருதி அவர் பக்கத்தில் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடலாம். மரணதண்டனை விதிக்கப்பட்ட நோர்வேக் கைதிகளுக்காக அவர் தந்திகள் அனுப்பியதுண்டு. 1943 ஜூனில் ஹிட்லரை நேரில் கண்டபோது, நோர்வேயை ஆண்ட டெர்போவனின் கொடுமையைப் பற்றி முறையிட்டு ஹிட்லரின் சினத்தைச் சம்பாதித்ததும் உண்மை. ஆனால், எசமானின் ஏவலாளைப் பற்றி எசமானிடமே முறையிடுவது எதிர்ப்பாகிவிடாது.

போருக்குப் பின் அவரை ஓஸ்லோவின் விண்டெர்ன் பகுதியிலிருந்த மனநல மருத்துவமனையில் வைத்து மாதக்கணக்கில் ஆராய்ந்தார்கள். பித்தர் அல்லர், ஆயினும் மனத்திறன்கள் நிலையாகக் குறைவுற்றவர் என்று மருத்துவர்கள் எழுதித் தந்தார்கள். குற்றவியல் வழக்கு கைவிடப்பட்டது. உரிமையியல் வழக்கில் 1947இல் பெரும் தொகை அபராதம் விதிக்கப்பட்டது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதைச் சற்றுக் குறைத்தது. 1949இல், தொண்ணூறாவது வயதில், அந்த நாட்களைப் பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டார். மனத்திறன் குறைந்தவர் எழுதக்கூடிய நூலன்று அது, அத்தனை தெளிவு. அந்தத் தெளிவை நாம் அவருடைய மேதைமைக்குச் சான்றாகக் காட்டுகிறோம். அதே கையால் அவருடைய அரசியலுக்கு முதுமையைக் காரணம் காட்டுகிறோம். ஒரே மூளை நூலுக்குக் கூர்மையாகவும் குற்றத்துக்கு மங்கலாகவும் இருக்க இயலாது. நம் தருக்கம்தான் வழுக்குகிறது.

இனி, நோர்வே அவரைப் புதைத்துவிட்டதா? 2009இல் அவருடைய நூற்றைம்பதாவது பிறந்த ஆண்டை அந்நாடு அரசு நிலையில் நினைவுகூர்ந்தது. தபால்தலையும் நினைவு நாணயமும் வெளியாயின. வடக்கே அவர் வளர்ந்த ஹாமரேயில், அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஸ்டீவன் ஹால் வடிவமைத்த ஹாம்சன் மையம் அவ்வாண்டே திறக்கப்பட்டது. நூல்கள் தடைசெய்யப்படவில்லை, கடைகளில் கிடைக்கின்றன, படிக்கப்படுகின்றன. அதாவது, அந்நாட்டார் ஒன்றைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். படிப்பது வேறு, பெருமை செய்வது வேறு. நூலை எடுப்பவன் தானாக எடுக்கிறான்; வேண்டாமென்றால் மூடி வைக்கலாம். தெருப்பெயரை மூடிவைக்க முடியாது. அவ்வழியே போவோர் வருவோர் அனைவர் சார்பிலும் செலுத்தப்படும் வணக்கம் அது.

ஐசக் பாஷவிஸ் சிங்கர் ஹாம்சனின் நாவல்களை இத்திஷ் மொழிக்குக் கொண்டு சென்றவர். இருபதாம் நூற்றாண்டுப் புனைகதையின் ஊற்றுக்கண் ஹாம்சன் என்று போருக்குப் பின்னரும் எழுதியவர். தன் மக்களைக் கொன்றவர்களின் பக்கம் நின்றவனைப் படிக்கவும் மதிப்பிடவும் ஒரு யூத எழுத்தாளரால் முடிந்தது. நம் நண்பர்கள் இந்தச் செய்தியை எடுத்துக்காட்டி, 'பார்த்தீர்களா, சிங்கரே மன்னித்துவிட்டார்' என்கிறார்கள். சிங்கர் செய்தது வாசிப்பு. அதை மன்னிப்பு என்று மொழிபெயர்க்கும் அதிகாரத்தை நமக்கு யார் தந்தார்கள்?

இந்த வேறுபாட்டை நமக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தத் திறனாய்வு நூலும் அன்று. ஓஸ்லோவில் நாம் தங்கியிருந்த நான்கு நாட்களும் நம்மைக் காரில் ஏற்றிச் சுற்றிக் காட்டியவர் ஓர் ஈழத்து நண்பர்; முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வாழ்பவர். நாம் வழக்கம்போல் தெரு இல்லையே என்று தொடங்கியதும் சமிக்ஞை விளக்கில் வண்டியை நிறுத்தியவாறே சொன்னார்:

"சேர், நீங்கள் நாலு நாளில போயிடுவீங்கள். இஞ்ச இருக்கிற சனம் வருசம் முழுக்க அந்தப் பேரைத் தங்கட விலாசம் எண்டு எழுத வேணும். உங்களுக்கு அது ஓர் எழுத்தாளற்ற பேர். அண்ணனையோ தம்பியையோ பறிகுடுத்த ஒரு கிழவிக்கு அது வேற பேர். அவவிட்டக் கேக்காமல் நீங்கள் எப்பிடித் தீர்ப்புச் சொல்லுவியள்?"

நம்மிடம் பதில் இல்லை. இழந்த ஊரின் தெருப்பெயர்களை இன்னும் மனத்தில் வைத்திருக்கும் ஒருவர் சொன்ன சொல் அது. விவாதத்துக்காகச் சொன்னதாக நமக்குப் படவில்லை. மறுநாள் அவர் நம்மைத் துறைமுகத்துக்கு அழைத்துச் சென்றார்.

ஓபரா மாளிகையை 2008இல் திறந்தார்கள். கடலிலிருந்து எழும் பனிப்பாளம் போன்ற அதன் வெண்கூரைமேல் ஏறி நின்றால் விரிகுடா தெரியும், ஆகர்ஷூஸ் கோட்டையின் மதில் தெரியும். ஏறியவர் அனைவரும் கோட்டையைப் படம் பிடிக்கிறார்கள். அந்த மதிலுக்குக் கீழே, கடலோரப் புல்தரையில், எட்டு நாற்காலிகள் இருக்கின்றன. உட்காரும் பலகை இல்லாத நாற்காலிகள். பிரிட்டானியச் சிற்பி அந்தோணி கோர்ம்லி அமைத்து 2000இல் திறக்கப்பட்ட நினைவிடம். 1942 நவம்பர் 26 அன்று அந்தத் துறையிலிருந்துதான் 'டோனாவ்' என்ற ஜெர்மானியக் கப்பல் 529 யூதர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ். போர் முடிந்தபோது அவர்களுள் உயிரோடிருந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களை வீடு வீடாகச் சென்று கைது செய்து, டாக்சிகளில் ஏற்றித் துறைமுகம் சேர்த்தவர்கள் ஜெர்மானியர்கள் அல்லர், நோர்வேக் காவலர்கள். 2012 ஜனவரியில் அன்றைய பிரதமர் யென்ஸ் ஸ்டோல்டன்பர்க் இந்தத் துறையருகே வந்து அதைச் சொல்லித்தான் மன்னிப்புக் கேட்டார்.

நாம் அங்கே நின்ற அரைமணி நேரத்தில் இரண்டு சுற்றுலாக் குழுக்கள் கடந்து சென்றன. கோட்டையைப் பார்த்தவர்கள் நாற்காலிகளைப் பார்க்கவில்லை. அவர்களைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. நம் கையிலிருந்த, நாமே எழுதிவைத்த பட்டியலிலும் அந்த நாற்காலிகள் இல்லை.

'பசி' எப்படி முடிகிறது என்பது அங்கே நிற்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. பட்டினியின் எல்லைவரை சென்ற அந்த இளைஞன் கடைசியில் துறைமுகத்தில் ஒரு கப்பலில் வேலைக்குச் சேர்ந்து நகரத்தைவிட்டு வெளியேறுகிறான். விரிகுடாவிலிருந்து திரும்பி ஊரைப் பார்க்கிறான். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அதே விரிகுடா வழியாக வேறொரு கப்பல் போயிற்று. அதில் இருந்தவர்களும் ஊரைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவர்களைக் கப்பலேற்றியவர் ஹாம்சன் அல்லர். அப்படிச் சொல்வது பொய்யாகும். ஆனால், அவர்களைக் கப்பலேற்றிய ஆட்சிக்குத் தம் பேனாவையும் புகழையும் தந்தவர் அவர். அந்தக் கப்பல் போன பிறகுதான் கோயபல்ஸுக்குப் பதக்கம் போயிற்று. தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் வேலையை நம் பயணக் கட்டுரைகள் செய்வதில்லை.

அந்தக் கப்பலில் ஓர் எழுத்தாளர் இருந்தார். வியன்னாவில் பிறந்து, ஹிட்லருக்குத் தப்பி 1939இல் நோர்வே வந்த ரூத் மையர். வயது இருபத்திரண்டு. சிறுவயது முதல் நாட்குறிப்புகள் எழுதியவர். அவருடைய உயிர்த்தோழி, பின்னாளில் நோர்வேயின் முதன்மையான கவிஞருள் ஒருவராகிய குன்வோர் ஹோஃப்மோ. ரூத் ஆஷ்விட்ஸில் டிசம்பர் முதல் தேதியன்று கொல்லப்பட்டார். குறிப்பேடுகளை ஹோஃப்மோ காத்து வைத்திருந்தார். 1953இல் அவற்றை வெளியிட முயன்றார், பதிப்பகம் ஏற்கவில்லை. ஹோஃப்மோ 1995இல் மறைந்தபின், அவருடைய தாள்களுக்கிடையிலிருந்து அவற்றை எடுத்துத் தொகுத்தவர் கவிஞர் யான் எரிக் வோல்ட். நூலாக வெளிவந்தது 2007இல்.

ஹாம்சனின் தரப்பு போர் முடிந்த நான்காம் ஆண்டில் அச்சேறிவிட்டது. ரூத் மையரின் தரப்பு அச்சேற அவர் இறந்து அறுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஓஸ்லோவில் எந்த எழுத்தாளருக்கு அநீதி நேர்ந்தது என்று புலம்ப வேண்டுமானால் புலம்பலை எங்கே தொடங்குவது என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

இன்னொரு செய்தி. ஃப்ரோக்னர் பூங்காவில் கூட்டம் அலைமோதும். 1921இல் நகராட்சியும் குஸ்தாவ் விகேலண்டும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தம் படைப்புகளை எல்லாம் நகரத்துக்குத் தருவதாக அவரும், வீடும் பட்டறையும் கட்டித் தருவதாக நகரமும். அதன் விளைவுதான் இருநூறுக்கு மேற்பட்ட சிற்பங்கள் நிற்கும் அந்தப் பூங்கா. ஒரே கருங்கல்லில் நூற்றிருபத்தொரு மனித உருவங்கள் பின்னிப் பிணைந்து ஏறும் தூணைச் சுற்றி எந்நேரமும் படம் எடுக்கிறார்கள். அதே பூங்காவில் 'திடுக்கிட்டவள்' என்று பொருள்படும் பெயரோடு ஒரு பெண்சிலையும் இருக்கிறது. விகேலண்ட் 1942இல் முடித்த அந்த உருவம் 2002இல் வெண்கலத்தில் வார்க்கப்பட்டது. அதற்கு மாதிரியாக நின்றவர்களுள் ஒருவர் ரூத் மையர். ஓஸ்லோவின் முதன்மையான காட்சித்தலத்தில், தெருப்பெயரோ ஆரவாரமோ இல்லாமல், அந்தப் பெண் நின்றுகொண்டிருக்கிறார். சினந்த சிறுவனைத் தேடிப் போகும் நாம் அவரைத் தேடிப் போவதில்லை.

பிக்டோய் தீபகற்பத்திலும் இதே கதைதான். துருவப் பயணக் கப்பல் ஃப்ராமுக்கும், பசிபிக் கடலைக் கடந்த கோன்-டிக்கி தெப்பத்துக்கும் அங்கே அருங்காட்சியகங்கள். வைக்கிங் கப்பல்களின் அருங்காட்சியகம் புதுக் கட்டடத்துக்காக 2022இல் மூடப்பட்டது. அதற்கு வருந்தி எழுதாத பயணி இல்லை. அதே பிக்டோயில் 'வில்லா கிராண்டே' என்ற மாளிகை இருக்கிறது. போர்க்காலத்தில் துரோகத்தின் மறுபெயராகிவிட்ட குவிஸ்லிங் வாழ்ந்த வீடு. 2006 முதல் அங்கே இயங்குவது யூத இனப்படுகொலையையும் சிறுபான்மையினரையும் பற்றிய ஆய்வு மையமும் அருங்காட்சியகமும். துரோகியின் வீட்டை இடித்துத் தள்ளுவது எளிது. அவன் கூட்டாளிகளால் அழிந்தவர்களின் பெயர்களை அந்த வீட்டுக்குள்ளேயே குடியேற்றுவது கடினம். கடினமானதைச் செய்தார்கள். குவிஸ்லிங்கை 1945 அக்டோபரில் சுட்டுக் கொன்றது ஆகர்ஷூஸ் கோட்டையில் என்பதையும் கோட்டையைப் படம் பிடிப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

நம் நண்பர்களிடம் ஒரு வலுவான வாதம் மிச்சமிருக்கிறது. அதை மறைப்பது நேர்மையன்று. 'எழுத்தாளனைத் தண்டித்த அந்த நாடு காவலனைத் தண்டித்ததா?' என்பார்கள். இல்லை. ஓஸ்லோவில் யூதர்களின் கைதுகளை ஒழுங்கு செய்த காவல் அதிகாரி க்னுட் ரேட் 1948இல் இறுதியாக விடுதலை செய்யப்பட்டார். காவல் பணிக்கே திரும்பினார். இது மாபெரும் இழுக்கு. பிரதமரின் மன்னிப்பு வர எழுபது ஆண்டுகள் ஆனதற்கும் இந்த இழுக்குக்கும் தொடர்பு உண்டு. ஆனால், இந்த வாதம் எங்கே போய்ச் சேர வேண்டும்? நீதி போதவில்லை என்றால் இன்னும் நாற்காலிகள் வேண்டும், இன்னும் பெயர்கள் வேண்டும் என்றுதானே? ஒருவன் தப்பிவிட்டான், ஆகவே மற்றவனுக்கு மாலை போடு என்று எந்த நீதிநூலும் சொன்னதில்லை.

இப்சனின் உலோக எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு நடந்தபோது அந்நகரத்தில் கீழே பார்த்து நடக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டிருந்தது. கார்ல் யோஹானைவிட்டு உள்தெருக்களுக்குள் சென்றால் அடிக்கடி உள்ளங்கை அளவுப் பித்தளைக் கற்கள் தட்டுப்படும். 2010 முதல் ஓஸ்லோவில் பதிக்கப்பட்டுவரும் 'இடறு கற்கள்' அவை. இன்னார் இங்கே வாழ்ந்தார், இன்ன ஆண்டு பிறந்தார், இன்ன நாள் கொண்டுசெல்லப்பட்டார், இன்ன இடத்தில் கொல்லப்பட்டார். சில வாசல்களில் ஒரே குடும்பத்தின் கற்கள் வரிசையாக இருக்கும். கடைசிக் கல்லில் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் மிக நெருங்கி இருக்கும். நடைபாதையில் யார் பெயரைப் பதிப்பது என்பதில் அந்நகரம் நாடகாசிரியருக்கும் இவர்களுக்கும் இடம் தந்திருக்கிறது. ஹாம்சனுக்கு நூலகத்தில் இடம் தந்திருக்கிறது. இந்த இடவொதுக்கீட்டில் பிழை காண நமக்கு இப்போது மனம் வரவில்லை.

ஹாம்சனே ஒரு காலத்தில் சிலைகளுக்கு எதிரானவர் என்பதையும் நினைவுபடுத்தலாம். 1891இல் முப்பத்திரண்டு வயது இளைஞராகக் கிறிஸ்தியானியாவில் மேடையேறி, இப்சன் முதலிய பெரும் புள்ளிகளை வரிசையாகத் தாக்கிப் பேசினார். இப்சனுக்கே அழைப்பும் அனுப்பியிருந்தார். கிழவர் வந்து முன்வரிசையில் அமர்ந்து முழுவதையும் கேட்டார். பெரியவர் என்பதற்காக எவரையும் விட்டுவைக்கக் கூடாது என்று நம் தலைமுறைக்குக் கற்றுத் தந்தவர்களுள் ஒருவர் அந்த இளம் ஹாம்சன். அந்தப் பாடத்தை அவர்மேலேயே நடத்த நாம் தயங்குவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

கடைசியாக, நம் பங்குக்கு உரிய கடுமை. மொழிபெயர்ப்பு இலக்கியம் கற்பிக்கும் வகுப்பில் 'நிலவளம்' நாவலை நாம் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறோம். ஆசிரியர் குறிப்பைக் கரும்பலகையில் எழுதும்போது, பிறப்பு 1859, நோபல் 1920, இறப்பு 1952 என்று மூன்று ஆண்டுகளோடு நிறுத்திக்கொள்வோம். 1920க்கும் 1952க்கும் நடுவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருக்கின்றன என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. கேட்டுவிடக் கூடாதே என்று நாமும் வேகமாகப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம். நாவலின்மேல் கறை பட்டுவிடுமோ என்ற அச்சம். அந்த அச்சத்துக்கு நாவல் பொறுப்பன்று. ஓஸ்லோ தன் மாபெரும் எழுத்தாளன் செய்ததை மறைக்காமல் அவன் நூலையும் எரிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டது. நாம் ஒரு கரும்பலகையில்கூட அதைச் செய்யவில்லை. ஆனால் அந்த ஊருக்குப் போய் அதன் மனத்தை அளந்துவிட்டு வந்தோம்.

இனி ஓஸ்லோ செல்லும் அன்பர்கள் ஓபராவின் கூரைமேல் தாராளமாக ஏறட்டும். விகேலண்டின் தூணைச் சுற்றி வரட்டும். பிறகு ஒரு முற்பகலை ஒதுக்கி, ஃப்ரோக்னர் பூங்காவில் அந்தத் திடுக்கிட்ட பெண்ணைத் தேடிக் கண்டுவிட்டு, அங்கிருந்து கோட்டைக்குக் கீழே உள்ள எட்டு நாற்காலிகள்வரை செல்லட்டும். கைப்பையில் 'பசி' இருக்கலாம், இருக்க வேண்டும். அங்கே நின்று கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, அதன் பிறகும் ஹாம்சனுக்கு ஒரு தெரு வேண்டும் என்று தோன்றினால் எழுதட்டும், விவாதிப்போம். வரும் பருவத்தில் 'நிலவளம்' மறுபடியும் நம் வகுப்புக்கு வருகிறது. இம்முறை கரும்பலகையில் 1935, 1940, 1943, 1945 ஆகிய ஆண்டுகளையும் எழுதிவிட்டுத்தான் முதல் அத்தியாயத்தைத் தொடங்கப்போகிறோம்.